நான் டீ குடிக்கப் போயிருந்தேனாம்

14 ஜூலை 2025, திங்கள், காலை 6.40

கட்டில் 6, ஆள் 6, வீல்சேர் 3, கக்கூஸ் 1. வரிசையில் நான் நாலாவது. புழுக்கம். மழை வருகிற மாதிரி நடிப்பு, வரவில்லை.

சனிக்கிழமை வந்த கடிதத்தை மறுபடி படித்தேன். வாடகை உதவி (இனிமேல் வா.உ., முழுசாக எழுதப் பொறுமை இல்லை) நிறுத்தம். காரணம்: "விண்ணப்பதாரர் பெயரில் பிள்ளையார்பாளையத்தில் வீடு உள்ளது." ஆதாரைத் தட்டியதும் வந்துவிட்டதாம்.

ஓரிக்கையில் இந்த மாற்றுத்திறனாளிகள் ஹோமில் ஒன்றரை வருடம். சாய்தளம், கக்கூஸில் கைப்பிடிக் கம்பி, காலையில் தூக்கி உட்கார வைக்க ஆள். சோலார் பேனல் மாட்டப் போய் கூரையிலிருந்து விழுந்தவனுக்கு, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாதவனுக்கு, வேறு இடம் கிடையாது. வாடகையை அரசு நேராக ஹோமுக்குக் கட்டுகிறது. கட்டாவிட்டால் 31ஆம் தேதி கட்டில் காலி. வார்டன் செல்வி அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் வெயிட்டிங் லிஸ்டில் ஏழு பேர்.

வா.உ. விதிகள், எனக்குப் புரிந்த வரை:
- பெயரில் குடியிருக்கத் தகுந்த வீடு இருந்தால் கிடையாது.
- மாதத்தில் அஞ்சு நாளுக்கு மேல் வெளியே தங்கினால் கிடையாது. படுக்கைப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்ததும் வெளியே தங்கியதாம். அதற்குப் போன வருடம் ஒரு சண்டை.
- வேலை செய்தால் குறையும். செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று கேள்வி.

எழுதினவனை ஒரு நாள் இந்த வீல்சேரில் உட்கார வைத்து கக்கூஸ் வரிசையில் விட வேண்டும்.

15, செவ்வாய்

ஆபீஸ். சாய்தளம் உண்டு, அதன் மேல் பைக் நிறுத்தியிருந்தார்கள். ஹாரன் அடிக்க எனக்கு ஹாரன் இல்லை. கத்தினேன்.

சீட்டில் இருந்தவர்: "வீடு இருக்குதுல்லபா? அப்புறம் எதுக்கு வாடகை?"

"வீடு இருக்குது சார். நான் உள்ளே போக முடியாது."

"வீட்ல சண்டையா?"

"அகலம் பத்தாது சார்."

புரியவில்லை. விளக்கினேன். அது நெசவாளருக்கு அரசு கட்டிக் கொடுத்த வீடு, உள்ளே தறி போக வீல்சேருக்கு இடமில்லை. அப்பா பெயரில் ஏற்கெனவே பூர்வீகத்தில் பங்கு இருந்ததால், எனக்குப் பதினெட்டு ஆனதும் என்னை நெசவாளர் சொசைட்டியில் சேர்த்து, நெசவாளி அட்டை எடுத்து, வீட்டை என் பெயரில் வாங்கினார். நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல். நெய்வது அப்பா. தெருவில் பாதி வீடு இப்படித்தான். (அப்பா பெயர் வந்ததிலிருந்து எதையும் அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை.)

"ஆள் அனுப்பிப் பாக்கறோம். நீ இருக்கணும்னு இல்ல, வீட்டைத்தான் பாக்கணும்."

16, புதன். வெயில்

வீட்டை அளக்கப் போனேன். கூட மோசஸ். பக்கத்துக் கட்டில், போலியோ, கக்கத்தில் கட்டை, டெய்லர். டேப் அவனுடையது. நான் ஆட்டோவில் இருந்தபடியே, அவன் உள்ளே போய்க் கத்தினான்.

"வாசப்படி ரெண்டு! ஒவ்வொண்ணும் ஏழு அங்குலம்!"

"உள்ளே?"

"உள்ளே எங்கடா? தறிதான் இருக்குது!"

"தறிக்கும் சுவருக்கும் நடுவுல எவ்ளோ?"

"பத்தொம்போது! நானே ஒருக்களிச்சுத்தான் நிக்கறேன். மாப்ள, இதுக்கு ஜாக்கெட் தைக்க முடியாது, லூஸ் பிடிக்கவே இடமில்ல!"

தெருவே சிரித்தது. என் வீல்சேர் 25. கக்கூஸ் பின்பக்கம். அந்த 19 அங்குலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அம்மா ஆட்டோவுக்கே சோறு கொண்டுவந்தது. அப்பா இல்லை, நூல் வாங்கப் போயிருந்தார். நல்லது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதம் தறியை ஓரமாக நகர்த்தச் சொன்னேன். "குழித்தறிடா. குழியை எப்படி நகர்த்தறது?" என்றார். நியாயமான பதில்தான். அதற்காகவே பேச்சைக் குறைத்துவிட்டேன்.

17, வியாழன்

மெசேஜ்: நாளை காலை 11 மணிக்கு ஆய்வு. வீட்டுக்குப் போன். அப்பா எடுத்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்."

"எந்த" என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டேன்.

18, வெள்ளி, மாலை 4.15

ஆய்வு அறிக்கை செல்வி அக்கா போனுக்கு வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு நானே நம்ப மாட்டேன்.

"விண்ணப்பதாரர் மேற்படி வீட்டில் வசித்து, தினசரி நெசவுத் தொழில் செய்து வருகிறார். ஆய்வின்போது டீ குடிக்க வெளியே சென்றிருந்தார். வீடு குடியிருக்கத் தகுந்தது. வா.உ. ரத்து செய்யப் பரிந்துரை."

பதினோரு மணிக்கு நான் இங்கே கட்டிலில் கவிழ்ந்து கிடந்தேன், புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டு.

மோசஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "டீ குடிக்க நடந்தாப்பா போன? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல." தலையணையை வீசினேன். அப்புறம் அவனே எடுத்துக் கொடுத்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்தது இதுதான். சொசைட்டி ஆள் தறி பார்க்க வருகிறார் என்று நினைத்து அப்பா காலையிலேயே குளித்து, விபூதி பூசி, என் அட்டையைத் தறி மேல் வைத்திருக்கிறார். வந்தவர் என் பெயரைச் சொல்லி, "தயாளன் இங்கதான் இருக்காரா?" இவர், "இங்கதான் சார் நெய்யறான். இப்பதான் டீ குடிக்கப் போனான்."

19, சனி. தூறல்

அப்பா டிவிஎஸ்ஸில் வந்தார். இந்த ஹோமுக்கு முதல் தடவை. கேட்டில் நின்று செருப்பை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனா வச்சுக்கினு ஒருத்தன் வந்து உன் பேரைச் சொல்லிக் கேட்டா, என்னடா சொல்றது? வழக்கமா சொல்றதத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதான் சொல்றேன்."

"காலே வராதவன் எப்படிப்பா தறி மிதிப்பான்?"

"அதை அவரு கேக்கலியே."

கத்தினேன். செல்வி அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஒரு தாளை நீட்டினேன்: என் மகன் நெய்வதில்லை, இங்கே வசிப்பதில்லை. கீழே கையெழுத்துக்கு இடம். எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"இதைக் குடுத்தா அட்டை போயிடும். நெய்யாதவனுக்கு ஏன் வீடுன்னு வீட்டையும் கேப்பான். தறியில பாவு ஏத்தி இருக்குது, இன்னும் ரெண்டு சேலை நெய்யணும். முடிச்சுட்டுக் கையெழுத்து போடறேன்."

"எத்தனை நாள்?"

"இருபது."

"எனக்கு 31 வரைக்கும்தான். வர்ற வெள்ளிக்கிழமை மேல்முறையீட்டு விசாரணை."

எழுந்து கக்கூஸைப் பார்த்தார். கம்பியைப் பிடித்து முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார்.

"ஸ்ட்ராங்கா இருக்குது. நம்ம வீட்ல போட முடியாதா?"

"எங்க போடுவ? குழியிலயா?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையெழுத்து இல்லை. கொண்டுவந்த டீ பார்சலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். டீ! மோசஸுக்குக் கொடுத்தேன். அவன் சிரிக்கவில்லை.

20, ஞாயிறு, காலை 9.10

மோசஸ் சர்ச்சுக்கு. கக்கூஸ் காலி. அப்பாவிடமிருந்து போன் இல்லை. யோசித்தேன், போதும். செய்ய வேண்டியவை:

1. திங்கள்: வீட்டுப் படம், அளவுகளோடு. வழி 19, வீல்சேர் 25 சிவப்பில். மூணு காப்பி.
2. டாக்டர் சர்டிபிகேட். "கால் மிதியை இயக்க இயலாது" தனி வரியாக வேண்டும். எழுதாமல் விடக்கூடாது.
3. செவ்வாய்: ஹோம் பதிவேட்டில் 18ஆம் தேதிப் பக்கம் நகல். மருந்து வைத்த நேரத்துக்கு செல்வி அக்கா கையெழுத்தே இருக்கிறது.
4. மோசஸ் சாட்சி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்பான். ஜெபத்தை ஆட்டோவில் பண்ணட்டும்.
5. வெள்ளி 10.30: அப்பா வந்தால் அவரே சொல்லட்டும். வராவிட்டால் நான் சொல்வேன். ஒரு நாளும் நெய்ததில்லை, அட்டை பொய், வீடு போனால் போகட்டும்.
6. ஐந்தாவதை வியாழக்கிழமையே அவரிடம் சொல்லிவிட வேண்டும். முழுசாக. எந்த ஆபீஸ், எத்தனை மணி, என்ன சொல்லப் போகிறேன், எல்லாம். அவர் கேட்டு முடிக்கும் வரை போனை வைக்கக் கூடாது.