கடிதத்தில் என்ன பெயர் என்று உன் அப்பா கேட்டார்

போன சனிக்கிழமை எங்கள் சபையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை ஒரு பழைய காரில் கூட்டிவந்தார்கள். இந்தக் காலத்தில் அதையும் வாடகைக்கு விடுகிறார்களாம். கதவைத் திறந்ததும் பழைய தோல் இருக்கையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை கோயில் படிவரைக்கும் வந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முட்டிவலி என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு, முதல் பாட்டு முடியுமுன்னே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே என்மேல் எரிச்சலாகத்தான் வருகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நாம் இரண்டுபேரும் டைப்பிஸ்டுகள். ஜன்னலைத் திறந்தால் லாரித் தூசி, மூடினால் புழுக்கம். நீ சரியான சினிமாப் பைத்தியம். நானோ மிஷன் ஊரான நாசரேத்துக்காரி, சினிமாக் கொட்டகை இருக்கிற தெருவழியாகக்கூடப் போகக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். “ஒரு படம்கூடப் பாக்காம எப்படிளா உனக்குச் சோறு இறங்குது?” என்று மத்தியானச் சாப்பாட்டில் என்னைக் கேலி செய்வாய். நானும் பதிலுக்கு ஏதாவது சுருக்கென்று சொல்வேன். உனக்குக் கோபமே வராது.

உன் அப்பா இளவயதில் முத்துக்குளிக்கப் போய் ஒரு காது போனவர். கடலே வேண்டாம் என்று மதராசுக்குப் போய் டிரைவர் ஆனார். ஒரு பெரிய நடிகையிடம் பதினைந்து வருஷம் வேலை. ஊருக்குத் திரும்பும்போது அந்தம்மாள் தன் காரையே கொடுத்து அனுப்பினாள் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை. தெருவில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் அவர் தலை மறைந்ததும் சிரித்தார்கள்.

நீ என்னை முதன்முதலில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, பின்பக்கம் வலை போட்டிருந்த கொட்டகையில் அது நின்றது. யுத்தத்துக்கு முன்னால் செய்த இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுபேர்தான் உட்காரலாம். உப்புக்காற்று அடிப்பக்கத் தகட்டை அரித்திருந்தாலும் மேலே பாலாடை நிறம் அப்படியே இருந்தது. உன் அப்பா கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓட்டுகிறவர் இருக்கையை மட்டும் நாலு விரற்கடை உயர்த்தித் தைத்திருந்தது. கிளட்சிலும் பிரேக்கிலும் மரக்கட்டை வைத்து முடுக்கியிருந்தது. “அம்மா ரொம்பக் குட்டை. படத்துல தெரியாது. காலு எட்டாதுன்னு இந்தக் கட்டைய நாந்தான் வச்சிக் குடுத்தேன்” என்றார். முன்பலகையில் ஒரு திருப்பதி வெங்கடாசலபதி படம் ஒட்டியிருந்தது. தினம் ஜெபமாலை சொல்லுகிற வீட்டில் அது எதற்கு என்று என் முகம் சுளித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “அம்மா ஒட்டுனது. நாம கிழிக்கப்படாதுல்லா?” என்றார்.

அப்புறம் மதுரையிலிருந்து அந்த மில் முதலாளி வந்தார். பழைய கார்களாகத் தேடிச் சேர்க்கிறவர். காரைச் சுற்றிச்சுற்றி வந்தார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. கடைசியில், “அந்த நடிகை வச்சிருந்த வண்டின்னு எழுத்துல காட்டுங்க, எடுத்துக்கிறேன். இல்லேன்னா இந்தத் துருவ வச்சு நான் என்ன செய்ய?” என்றார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உன் அப்பாவின் நல்ல காதுப்பக்கம்தான் அந்தச் சிரிப்பு வந்தது.

பழைய ஆர்.சி. புத்தகம் புயல் வெள்ளத்தில் நனைந்து போயிருந்தது. பிறகு வாங்கிய நகலில் உன் அப்பா பெயர் மட்டும்தான். மதராஸ் பதிவு ஆபீசுக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஆபீஸ் கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு அல்லவா! ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ பூசை முடிந்தும் நான் ஆராதனை முடிந்தும் வந்து, அந்தக் காரின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்தோம். மெல்லிய தாளைச் சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பர்மேல் வைத்து நான் பிடிக்க, நீ பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாய். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகத் தெரிந்துவந்தன. “எனக்குத் துட்டு முக்கியமில்லளா. அவரு சொன்னது நெசம்னு எழுத்துல ஒண்ணு வரட்டும். நான் அத எங்க தெருமுக்குல ஒட்டி வைக்கேன்” என்றாய். உன் மூக்கு நுனியில் கரி.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆபீஸ் விலாசத்துக்கு, என் பெயருக்கு. நீ அன்றைக்குக் கஸ்டம்ஸில் கையெழுத்து வாங்கப் போயிருந்தாய். பிரித்துப் படித்தேன். வண்டியின் முந்தைய உரிமையாளர் வெங்கடசுப்பம்மா என்று ஒரு பெயர், முன்னால் இரண்டு மூன்று தலைப்பெழுத்து. அவரிடமிருந்து உன் அப்பாவுக்கு மாற்றம். வேறு யார் பெயரும் இல்லை. யாரோ ஒரு தெலுங்கம்மாள் என்று நினைத்தேன். நடிகைகளுக்குச் சினிமாப் பெயர் ஒன்று, பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று என்பது இந்த ஊரில் சோடாக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: அதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. சினிமா என்றாலே பொய்தானே என்று.

நீ வந்ததும், “அந்த நடிகை பேர் அதுல இல்ல. வேற யாரோ வச்சிருந்த கார்” என்றேன். கடிதத்தை நீ கேட்கவில்லை. “நீ பாத்தாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மிஷினில் தாளைச் சொருகினாய். அன்று முழுவதும் தப்புத்தப்பாக அடித்தாய். நான் கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் உன் கண் வீங்கியிருந்தது. “மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்ளா. இத்தன வருசமா ஊரையும் எங்களையும் ஏமாத்துனீங்களான்னு. அதுக்கு அவரு, கடுதாசியில என்ன பேரு எழுதியிருக்கு மக்கான்னு கேக்காரு. எதுக்கு, அந்தப் பேர வச்சு இன்னொரு கத கட்டவான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

கைப்பை என் மடியில்தான் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி விடு, வயசானவரப் போட்டு நோண்டாத” என்றேன். பெரிய பெருந்தன்மைக்காரி மாதிரி!

அதற்குப்பிறகு உன் அப்பா உன்னிடம் எதையும் விளக்க வரவில்லை. அது அந்த நடிகையின் கார் இல்லை என்று மில் முதலாளிக்கு நீயே இரண்டு வரி எழுதிப்போட்டாய். ஒரு நாள் உன் அப்பா ஆள் வைத்துக் காரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்கடையில் விட்டுவிட்டு வந்தார். மறுவருஷம் மழைக்காலத்தில் செத்தும்போனார். நீ அழவில்லை. கல்லறைத் திருநாளில் உன்கூட நானும் வருவேன். உன் அம்மா கல்லறையில் பூப்போட்டு மெழுகுவர்த்தி கொளுத்துவாய். பக்கத்திலேயே உன் அப்பா. அந்தப்பக்கம் திரும்பமாட்டாய்.

அவர் போய் இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்த நடிகையும் இறந்தாள். ஆபீசில் டீ வந்த நேரம். நீ பேப்பரை விரித்து எனக்காகச் சத்தமாகப் படித்தாய். “ஏளா, இவளோட சொந்தப் பேரக் கேளேன். வெங்கடசுப்பம்மாவாம்! நல்லவேள மாத்துனா” என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். நீ சிரித்து முடித்து, “இவ பேரச் சொல்லித்தான் எங்கப்பா புளுகிட்டுத் திரிஞ்சாரு” என்று பேப்பரை மடித்தாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உனக்கு அது நாலாவது மாதம், இப்போது சொன்னால் தாங்கமாட்டாள் என்று ஒரு சாக்கு. பிள்ளை பிறந்ததும் வேறு சாக்கு. உண்மை என்னவென்றால், எனக்கு உன்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது. தெரிந்தால் நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்று பயந்தேன். அந்தப் பயத்திலேயே நாம் இரண்டுபேரும் ரிட்டயர் ஆகி, தலை நரைத்து, வாரந்தோறும் உன் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

நேற்று உன் மகளிடம் போனேன். கடிதத்தை மேசைமேல் வைத்து, உன் தாத்தா சொன்னது முழுக்க உண்மை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டுதரம் படித்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா சித்தி?”

“தெரியாது.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீ பிறக்கதுக்கு முந்தி.”

அவள் கடிதத்தை மடித்தாள். “ஆஸ்பத்திரில பத்து நாளும் நீங்கதான அம்மாகூட இருந்தீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் நீ கண்ணைத் திறந்து, “மேல போனா எங்கப்பா இருப்பாருல்லா? நான் அவருகூடப் பேசமாட்டேன்ளா” என்றாய். உன் கை என் கைக்குள் இருந்தது. நான் போர்வையை இழுத்துவிட்டேன். அந்தக் கையின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. நான் சாகும்வரைக்கும் அது இறங்காது.

பேசு, ஏளா. போய் அவருகிட்டப் பேசு. அவர் சொன்னது அத்தனையும் நெசம்.