தொட்டியில் கழுவிய கை

7 மார்ச் 2015, சனி

குடி வந்தாயிற்று. மேரல் தெரு. ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில் இடப்பக்கத்து வீடு. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். தெருவுக்கு எங்களைப் பிடித்திருந்தால் நிரந்தரமாக்கித் தருவதாக வீட்டுக்காரர் பொக்ஹோவன் சொல்லியிருக்கிறார். தெரு என்றால் எதிர்வீட்டு டீடெரிக். அவனைக் கேட்காமல் பொக்ஹோவன் சுவரில் ஓர் ஆணி அடிக்க மாட்டாராம்.

இதற்கு முன் எத்தனை வீடு கேட்டிருப்பேன். நான் பிறந்து வளர்ந்த வண்டிவீட்டு முகாமின் விலாசத்தை எழுதினால் பதிலே வராது. இந்த முறை என் மனைவி ஹெலேனுடைய அம்மாவின் விலாசத்தைக் கொடுத்தோம். பெயரும் ரீனுஸ் இல்லை, மரெய்ன். ஞானஸ்நானப் பெயர் மரீனுஸ். அதில் எந்தத் துண்டை வெட்டிக்கொள்கிறேன் என்பது என் இஷ்டம். துணி வெட்டிப் பிழைக்கிறவன் நான்.

சாமான் இறக்கும்போதே டீடெரிக் வந்து காபிக்குக் கூப்பிட்டான். அவன் மனைவி மார்லூஸ் முன்னாள் டீச்சர். கோப்பைகள் பாத்திரத் தொட்டியில் கிடந்தன. அவள் அந்தத் தண்ணீரிலேயே இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு அதிலிருந்தே கோப்பைகளை எடுத்துத் துடைத்துக் காபி ஊற்றினாள். ஊர்க்காரர்கள், அதாவது வண்டிவீட்டில் பிறக்காதவர்கள், இப்படித்தான். எங்கள் ஆட்களில் பாத்திரத் தொட்டியில் விரல் நனைத்த பிள்ளை உதை வாங்கும். கைக்கு ஒரு தொட்டி, துணிக்கு ஒரு தொட்டி, பாத்திரத்துக்கு ஒரு தொட்டி. ஒன்று மாறினாலும் அதில் கிடந்த பாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிடுவாள் என் அம்மா.

ஹெலேன் குடித்தாள். அவள் ஊர்க்காரி. மகள் யென்டெ பழச்சாறு குடித்தாள். என்னால் முடியவில்லை. மார்லூஸ் பிஸ்கட் டப்பாவை மூடி அலமாரியில் வைக்கத் திரும்பிய நேரத்தில் ஜன்னலோரப் பெரணிச் செடிச் சட்டியில் ஊற்றிவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை.

21 மார்ச், சனி

இந்தத் தெருவில் ஒருவரும் திரை மூடுவதில்லை. இருட்டிய பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு, சாப்பிடுவதையும் சண்டை போடாமல் இருப்பதையும் தெருவுக்குக் காட்டுகிறார்கள். சந்தையில் திரை விற்கிற எனக்கு வாய்த்த தெரு. இருந்தாலும் மார்லூஸுக்கு இரண்டு ஜோடி விற்றுவிட்டேன். மூடத்தான் போவதில்லை, தொங்குவதாவது அழகாகத் தொங்கட்டும் என்றேன். சிரித்தாள்.

யென்டெயை மூன்று பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய பள்ளியில் இரண்டு வருடமாக ஒன்றுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அங்கே அவளுக்குப் பெயர் ‘முகாம் எலி’. இங்கே அவள் யென்டெ, அவ்வளவுதான்.

இதற்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை.

14 ஏப்ரல், செவ்வாய்

சந்தைக் கடைக்குத் தங்கை ஃபீன் வந்தாள். அம்மா செத்ததிலிருந்து நகராட்சி அவளை அரிக்கிறது. வண்டிவீடு நிற்கும் இடம் அம்மா பெயரில் இருந்தது. அம்மா போனால் இடமும் போயிற்று, வண்டியைத் தூக்கு என்கிறார்களாம். ஜூலைக்குள். புருஷன் எப்போதோ ஓடிவிட்டான். இரண்டு பெண் குழந்தைகள். எட்டாம் மாடியில் திறக்காத ஜன்னலோடு ஒரு வீடு தருவதாகச் சொல்கிறார்களாம்.

“எட்டாம் மாடில நான் என்னண்ணே பண்றது, புறா வளக்கவா?” என்றாள்.

லேஸ் திரை இரண்டு மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

27 ஏப்ரல், திங்கள். ராஜா பிறந்தநாள்

தெருவெங்கும் பிள்ளைகள் வருடாவருட வழக்கப்படி பாய் விரித்துப் பழைய பொம்மை விற்றார்கள். யென்டெ நடைபாதை முனையைப் பிடித்துக்கொண்டாள். வருகிற ஆள் முதலில் பார்க்கும் இடம். யாரும் சொல்லித் தரவில்லை. டீடெரிக் ஒரு கரடி பொம்மைக்கு அவளோடு பேரம் பேசிப் பேசி, கடைசியில் அவள் கேட்டதையே கொடுத்தான்.

“உங்க பொண்ணு எங்கேர்ந்து கத்துக்கிட்டா?” என்றான் என்னிடம்.

“அப்பன்கிட்டேர்ந்துதான்.”

“அப்பன் எங்கேர்ந்து கத்துக்கிட்டாரு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

வலப்பக்கத்து வீடு காலியாகிறது, அதுவும் பொக்ஹோவனுடையதுதான். பக்கத்துவீட்டுக்காரர்கள் நார்வே போகிறார்கள்.

9 மே, சனி

வலப்பக்கத்து வீடு காலியாவதை ஃபீன் எங்கிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறாள். வீடு பார்க்கப் பெயர் கொடுத்தும்விட்டாள், ஒரு தோழியின் விலாசத்தில். வழியை என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

போனில் சொன்னாள்: “நீ என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம். நானும் காட்டிக்க மாட்டேன். சத்தியமா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ‘மரெய்ன் சார், வணக்கம்’னு சொல்லிட்டுப் போயிடுவேன். பிள்ளைங்களுக்கும் சொல்லி வச்சிருக்கேன், மாமான்னு கூப்பிடக் கூடாதுன்னு.”

பார்க்கலாம் என்றேன். ஹெலேனிடம் கேட்டேன். “உன் தங்கச்சி. நீயே முடிவு பண்ணு” என்றாள்.

ஃபீன் வாயைக் கட்டிக்கொள்வாள். மற்றவர்கள்? ஒரு பிறந்தநாளுக்கு முகாமே வேன்களில் வந்து இறங்கும். சித்தப்பன் ஒருத்தன் வேலிமேல் கையூன்றி ‘டேய் ரீனுஸ்’ என்று ஒரே ஒரு தடவை கத்தினால் போதும். டீடெரிக் எதிர்வீட்டில் திரையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். என் ஒப்பந்தம் இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒரு கூரைதானே. நடுவில் ஒரே ஒரு சுவர்.

16 மே, சனி

ஃபீன் வீடு பார்க்க வரும் நாள். சந்தையை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். காலி வீட்டில் அடுப்பு இல்லாததால் காபியை எங்கள் வீட்டில் வைக்கச் சொல்லியிருந்தான் டீடெரிக். அவன், மார்லூஸ், பொக்ஹோவன், ஃபீன். அவள் யாரிடமோ கடன் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டில் வந்தாள். முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். காதில் பெரிய வளையம் இல்லை. ஊர்க்காரி மாதிரியே பேசினாள், பாதியில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு. எனக்குக் கை கொடுத்து “சந்திச்சதுல சந்தோஷம்” என்றாள். என் தங்கை.

முந்தைய நாளே யோசித்து வைத்திருந்தேன். யென்டெயின் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வருகிறவன்போல உள்ளே வந்தேன். கோப்பைகள் பாத்திரத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. எல்லோரும் பார்க்க, ஃபீன் பார்க்க, அந்தத் தண்ணீரில் முழங்கைவரை விட்டுக் கழுவினேன். நிதானமாக. பிறகு அதிலிருந்தே கோப்பைகளை எடுத்துத் துடைத்தேன். அவளுக்குக் குமட்டும், எழுந்து போய்விடுவாள், நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்காது. அதுதான் என் எண்ணம். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது வெறும் கை கழுவல்.

ஃபீனின் முகம் சுண்ணாம்பானது. என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கோப்பையை எடுத்தாள். குடித்தாள். ஒரு வாய் இல்லை, அடிவரை. “நல்ல காபி, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?” என்றாள்.

மார்லூஸ் என் ஈரக் கையைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். ஏன் சிரித்தாள்?

பொக்ஹோவனுக்கு ஃபீனைப் பிடித்துப்போயிற்று. போகும்போது அவளிடம் தோட்டத்து ஆப்பிள் மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.

18 மே, திங்கள்

தூக்கம் இல்லை. காலையில் டீடெரிக் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தபோது நானும் என்னுடையதை உருட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது, இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றேன். சந்தையில் லேஸ் திரை வாங்க வருகிறவள். முகாம்காரி. எனக்கு ஒன்றும் இல்லை, அவர்களும் மனிதர்கள்தான், ஆனால் ஒருத்தி வந்தால் ஒருத்தியோடு நிற்காது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

அவன் குப்பைத்தொட்டியை ஓரமாக நிறுத்தினான். பிறகு தோளில் தட்டினான். “சொன்னதுக்கு நன்றி மரெய்ன். இது சுலபம் இல்லன்னு தெரியும்.”

எது சுலபம் இல்லை?

23 மே

ஃபீனுக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்லூஸ் அவளுக்குப் பூப்போட்ட அட்டை அனுப்பியிருக்கிறாள், சீக்கிரம் நல்ல வீடு அமைய வாழ்த்தி.

25 மே, திங்கள்

ஃபீன் போன் செய்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“நீதானே?”

நான் இல்லை என்றேன். பொக்ஹோவன் விசாரித்திருப்பார், இந்தக் காலத்தில் எல்லாம் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது, என்று என்னென்னவோ சொன்னேன். சரக்குத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் சொல்கிற குரலில்.

முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அந்தக் காபியக் குடிச்சேன் ரீனுஸ். உன் கை கழுவின தண்ணி. அதையும் குடிச்சேன்.”

வைத்துவிட்டாள். அண்ணே என்று சொல்லவில்லை.

ஹெலேன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “என்னை எப்ப யார்கிட்ட போட்டுக் கொடுக்கப் போற?” என்றாள்.

நான் இவர்களுக்காகச் செய்யாமல் யாருக்காகச் செய்தேன்? யென்டெ இப்போதுதான் பயமில்லாமல் பள்ளிக்குப் போகிறாள். அதை உடைக்கவா? எவன் உடைப்பான்? — இந்த வீட்டில் ஒருத்திக்கும் புரியாது.

6 ஜூன், சனி

ஒரு வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பொக்ஹோவன் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கிவிட்டார். கேக் கொண்டுவந்தார். மூன்று துண்டு. வீட்டில் மூன்று பேர்.

18 ஜூலை

ஃபீனின் வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். சந்தையில் மீன் விற்கிற பையன் சொன்னான். முகாமிலிருந்து என் கடைக்கு இனி யாரும் வர மாட்டார்கள் என்பதையும் சொன்னான். லேஸ் திரையை அவர்களைப்போல வாங்க ஆள் கிடையாது. ஊர்க்காரர்கள் மூடாத திரைக்கு மலிவு கேட்பார்கள்.

வேறு சரக்குப் பார்க்க வேண்டும். வெயில் மறைப்பு, பிளைண்ட்ஸ், அந்த மாதிரி.

29 ஆகஸ்ட், சனி

தெரு விருந்து. போக்குவரத்தை மறித்து, மேசை போட்டு, சாசேஜ் சுட்டு, பிள்ளைகள் தெரு நடுவில் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டு. யென்டெ முகமெல்லாம் வண்ணம். ஹெலேன் வரவில்லை, தலைவலி.

டீடெரிக்குக் கொஞ்சம் பீர் ஏறியிருந்தது. என் தோளில் கையைப் போட்டான்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. எங்களுக்கு முதல் நாளே தெரியும்.”

என்ன என்றேன்.

“பெரணிச் செடி” என்றான். “மறுவாரமே செத்துப்போச்சு.”

மார்லூஸ் அவன் முழங்கையில் அடித்தாள், கோபமாக இல்லை. அவளே சொன்னாள்: “பத்து வருஷம் முகாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இருந்தவ நான். கை கழுவின தொட்டிக் கோப்பையில அந்தப் பிள்ளைங்க தண்ணிகூடக் குடிக்காது, செத்தாலும். அதனால யார் புதுசா வந்தாலும் நான் அப்படித்தான் கழுவுவேன். கேள்வி கேட்டா மரியாதையா இருக்காது, பாருங்க.”

மார்லூஸே தொடர்ந்தாள்:

“அன்னிக்கு நீங்களே கழுவினதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நல்லா கத்துக்கிட்டாரேன்னு. ஆனா அந்தப் பொண்ணு அப்படியே குடிச்சிட்டா. நான் பாஸ் போட்டுட்டேன். நீங்க சொல்லலைன்னா இன்னேரம் பக்கத்துல குடி வந்திருப்பா.”

“அப்ப என்னை ஏன் விட்டு வச்சீங்க?” என்று கேட்டேன்.

டீடெரிக் சாசேஜைத் திருப்பிப் போட்டான். “ஒருத்தர் இருந்தாத் தப்பில்ல மரெய்ன். நல்ல ஒருத்தர். மத்தவங்க எப்படி இருப்பாங்கன்னு எங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதானே சொல்லணும். உறவா அவ?”

இல்லை என்றேன்.

“நல்லது” என்றான். முதல் சாசேஜை எனக்குத் தந்தான்.

30 ஆகஸ்ட்

ஃபீன் பாஸ். நான் ஃபெயில்.

11 நவம்பர், புதன்

பிள்ளைகள் காகித விளக்கு ஏந்தி வீடு வீடாகப் பாடி மிட்டாய் வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நிறையக் கொடுத்தேன். ஹெலேன் மனம் நன்றாக இருக்கும் ஞாயிறுகளில் மட்டும் என்னோடு பேசுகிறாள். ஃபீனின் புது விலாசம் அவளிடம் இருக்கிறது போல. எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

12 மார்ச் 2016, சனி

வலப்பக்கத்து வீட்டில் ஆறு மாதம் தற்காலிகமாக இருந்த டாக்டர் கிளம்பிவிட்டார். இன்று மறுபடி வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். சின்னப் புருஷன் பெண்டாட்டி, கையில் குழந்தை. காபி எங்கள் வீட்டில்தான். இப்போதெல்லாம் மார்லூஸ் கழுவுவதில்லை, அது என் வேலையாகிவிட்டது.

யோசித்துச் செய்யவில்லை. எழுந்து போனேன், பாத்திரத் தொட்டியில் கையைக் கழுவினேன், கோப்பைகளைத் துடைத்தேன், ஊற்றினேன். கையைத் துடைக்கும்போதுதான் செய்துவிட்டேன் என்றே தெரிந்தது.

அவர்கள் நல்லபடியாகப் பேசினார்கள். புருஷன் குடித்தான். பெண் கோப்பையைக் கையில் வைத்துச் சூடு பிடித்தாள், குழந்தையைப் பார்த்தாள், அப்படியே கீழே வைத்தாள். யென்டெ வயதில் ஃபீன் அப்படித்தான் வைப்பாள், யார் மனமும் நோகாமல்.

அவர்கள் போன பிறகு டீடெரிக் கோப்பைகளை அடுக்கினான். ஒன்று நிறைந்திருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை, என்னைப் பார்த்தான். “என்ன மரெய்ன்?”

குழந்தைக்குப் பசி போல என்று சொல்லியிருக்கலாம்.

“அவ குடிக்கல” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். அவள் குடிக்காமல் வைத்துப்போன காபியை வீணாக்குவானேன் என்று நானே குடித்தேன். ஆறியிருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.