உமி மேட்டில் பனிக்கட்டை

1983 நவம்பர் 19, சனி

விடாத தூறல். அண்ணன் லீவில் வந்தாச்சு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பாதி ஊர் அவன் பின்னால். காரணம், தோளில் இருந்த சாமான். ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு மரப்பலகைகள். முனை மட்டும் மேலே வளைந்து, நடுவில் கம்பிச்சுருள், தோல்வார்.

காதில் விழுந்தவை:

"ஏர்க்காலா தம்பி?"

"பல்லக்குக் கொம்புய்யா. பட்டாளத்துலயும் சாமி தூக்கச் சொல்லியிருப்பாங்க."

கண்டக்டர்: "இதுக்கு நிக்கிற டிக்கெட்டா, படுக்கிற டிக்கெட்டா?"

அண்ணன் எல்லாருக்கும் ஒரே பதில்: "பனியில போறதுக்குங்க." ஒரு பெரியவர் விடவில்லை. "இங்கயுந்தான் கார்த்திகைல பனி பெய்யுது. தலையில துண்டக் கட்டிக்கிட்டுப் போறோம். இதுக்குப் போயி கட்டையா?"

பெயர் ஸ்கீயாம். அம்மா காதில் 'சீ' என்று விழுந்தது. "வந்ததும் வராததுமா என்னடா சீங்கற?" ஆகவே நானே பெயர் வைத்தேன்: பனிக்கட்டை. பனிக்கட்டி இல்லை, கட்டை. இனிமேல் ப.க.

ஒன்றின் வால் உடைசல். கழித்துப் போட்டதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தார்களாம். வால் போன ஜோடியை எதற்கு ஞாபகம் வைக்க வேண்டும்?

அடுத்த ஞாயிறு அரியலூரில் பெண் பார்க்கப் போகிறோம். பெண் கலா. டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறாராம். அம்மா இப்போதே மருமகள் என்கிறாள்.

20, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. அப்பா கணக்கெழுதும் அரிசி ஆலை, குரும்பலூர் ரோடு. கொட்டகைக்குள் காய்ந்த உமி மலை மாதிரி. நான்தான் யோசனை சொன்னேன்: "பனி இல்லாட்டி என்ன, உமி இருக்குல்ல." அண்ணன் சிரித்தான். அப்புறம் ப.க.வை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

இதனால் மேட்டில் ஏறவும் முடியும் என்பதை நான் நம்பவில்லை. சறுக்குவதுதானே சறுக்கும்? அதற்கு ஒரு பட்டை வைத்திருக்கிறான். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் மயிர். ப.க.வின் அடியில் ஒட்டிவிட்டால் முன்னால் தள்ளும்போது வழுக்கும், பின்னால் போகப் பார்த்தால் மயிர் சிலிர்த்துப் பிடித்துக்கொள்ளும். பூனை முதுகைத் தலைகீழாகத் தடவினால் பிறாண்டுமே, அது மாதிரி. ஏறும்போது குதிகாலைக் கட்டக் கூடாது. இறங்கும்போது பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைக் கம்பிச்சுருளால் இறுக்கிவிட வேண்டும். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கடகடவென்று உச்சிக்குப் போய்விட்டான். இறக்கம்தான் ஆமை வேகம். பாதியில் முனை புதைந்து, மூக்கெல்லாம் உமி.

பனி என்றால் ஒரே பனி இல்லையாம். சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஸ்கூலில் பீற்றிக்கொள்ள.

புதுப் பனி: கோலமாவு. ப.க. நீளமாக இருந்தால் மிதக்கும், குட்டையானால் முங்கும்.

மத்தியானப் பனி: வெயில் பட்டு இட்லி மாவு ஆகிவிடும். அடியில் அப்பிக்கொள்ளும். மெழுகு தேய்க்கணும்.

விடியற்காலைப் பனி: எண்ணெய் கொட்டிய சிமெண்டுத் தரை. ஓரத்து இரும்பு விளிம்பைச் சாய்த்துக் கீறிக்கொண்டே போகணும். தப்பினால் பள்ளத்தாக்கு.

மோசமானது கடைசி. மேலே அப்பளம், கீழே பொதபொத. "தாங்குதான்னு வச்சா தாங்கும். இன்னொரு எட்டு வச்சா அதுவும் தாங்கும். அப்புறம் தாங்காது." இதைச் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்தான்.

22, செவ்வாய்

விடியலில் நல்ல பனி. (நம் ஊர்ப் பனி.) கொட்டகை வாசல் பக்கத்து உமியெல்லாம் ஈரம். ப.க. நகரவே இல்லை, அடியில் அடை அடையாய் அப்பிக்கொண்டது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "அசல் மத்தியானப் பனி, பாரேன்."

ஸ்கூலில் தமிழ் டீச்சரிடம் "எங்க அண்ணனுக்குப் பனியில பணி" என்றேன். 'ன'வா 'ண'வா என்று நிற்க வைத்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் தூங்கும்போது கால் கட்டைவிரலில் நூல் கட்டி, மறுமுனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டினேன். அம்மா கதவைத் திறந்தாள். விரல் இழுபட்டு ரப்பர் மாதிரி நீண்டது. அவன் குறட்டை விட்டான். முன்பெல்லாம் உள்ளங்காலுக்கு நேரே விரலை நீட்டினாலே எகிறிக் குதிப்பான். நடிக்கிறான், சரியான ஆள் என்று நினைத்தேன். என் முதல் தோல்வி.

23, புதன்

எழுத வரவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை வரை கொட்டிய மழை. ஸ்கூல் லீவு. ஆலைக்குப் பின்னால் பாய்லர் சாம்பல் கொட்டும் மேடு. மழையில் மேலே இறுகி, வெளுத்து, படத்தில் பார்க்கும் இமயமலை போலவே. நான்தான் காட்டினேன். உமி மஞ்சள், இது வெள்ளை, இதுதான் நிஜம் என்றேன். நான்தான்.

ப.க. மேல் நின்ற வரைக்கும் தாங்கியது. உச்சிக்கே போய்விட்டான். அங்கே இடது கால் வார் தளர்ந்தது என்று, இறுக்கிக் கட்ட வசதியாக வலது காலைக் கட்டையிலிருந்து எடுத்துச் சாம்பலில் ஊன்றினான். அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். கணுக்கால் வரை உள்ளே.

"பாத்தியா, இதுதான் நான் சொன்ன பனி," என்றான். குனிந்து இடது கால் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே பேசினான். கட்டை எடையைப் பரப்பிவிடும், கால் அப்படி இல்லை, ஒரே இடத்தில் குத்தும் என்று. காலைச் சுற்றிப் புகை. மழை ஈரம், ஆவி என்று நினைத்தேன். அப்புறம் ரப்பர் கருகும் நாற்றம். அவன் இன்னும் வாரைத்தான் இழுத்துக்கொண்டிருந்தான்.

பாய்லர் தங்கராசு மாமா ஓடி வந்தார். "யோவ், கால எடுய்யா. உள்ள கனல் கெடக்கு. நேத்துக் கொட்டுனது."

அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தான். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல. அப்புறம்தான் எடுத்தான். அவசரமே இல்லாமல். ஷூவின் அடி உருகித் தொங்கியது. மாமா தண்ணீர் ஊற்றிக் கழற்றினார். தோல் ஷூவோடு வந்தது.

அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, காலை அல்ல.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அம்மா எல்லாரிடமும், "ஒரு முனகல் இல்ல. பட்டாளத்துப் புள்ள." எனக்கு வாய் அடைத்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, அதுவும் அதிசயம்தான்.

24, வியாழன்

அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் கேட்டேன். "அண்ணே, ஒனக்கு வலிக்கவே இல்லையா?"

"இல்ல."

"சுடக்கூட இல்லையா?"

"ரெண்டு காலும் அப்படித்தான். கணுக்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல."

போன வருஷம் அந்த மோசமான பனி உடைந்து, அடியில் ஓடிய தண்ணீருக்குள் இரண்டு காலும் போய்விட்டதாம். நனைந்த பூட்ஸோடு முகாம் வரை நடந்திருக்கிறான். விரல்கள் தப்பித்தன, உணர்ச்சி தப்பிக்கவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்களாம். அவனை இப்போது ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். ப.க.வில் இனி ஏற்ற மாட்டார்கள். அதனால்தான் அந்த உடைசல் ஜோடி.

நான் நூல் கட்டி விளையாடிய கால்.

"அரியலூர்ல சொல்லப் போறியா?"

"சொன்னா குடுக்க மாட்டாங்க. சொல்லலன்னா அந்தப் பொண்ண ஏமாத்துறது. நீ வாயத் தொறக்காத, நான் யோசிக்கணும்."

மழை இல்லை. மத்தியானம் ரசம், அப்பளம். அப்பளத்தைத் தொடவில்லை நான்.

26, சனி

ஊர் பூராவும் பேச்சு. கட்டுப் போட்ட காலோடு சாதாரணமாக நடக்கிறானே என்று. நான் சொன்னேன், "கொஞ்சம் நொண்டுண்ணே. இல்லாட்டி சந்தேகம் வரும்." கூடத்தில் ஒத்திகை. அழகாக நொண்டினான், இடது காலை. கட்டு வலது காலில். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்கு முதலில் நின்றுவிட்டது.

27, ஞாயிறு

அரியலூர். வானம் மூட்டம். கேசரி, பஜ்ஜி. கலா அண்ணி (இப்படி எழுதலாமா தெரியவில்லை) மாநிறம், நெட்டை. டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றார்.

அவருடைய அப்பா: "கால்ல என்ன கட்டு?"

அம்மா: "மில்லு சாம்பல்ல வச்சிட்டான்ங்க. வலிக்குதுன்னு ஒரு வார்த்த வரணுமே வாயில."

பட்டாளத்தில் என்ன வேலை என்று பேச்சு திரும்பியது. அண்ணன் பனி வகைகளைச் சொன்னான், எனக்குச் சொன்ன மாதிரியே. எல்லாரும் ஆவென்று கேட்டார்கள். அப்போது கதவோரம் நின்ற பெண் பேசியது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கேள்வி கேட்டது. அவங்க அம்மா சேலையைப் பிடித்து இழுத்தார்.

"கீழ என்ன பனி இருக்குன்னு மேல நிக்கிறவருக்கு எப்படிங்க தெரியும்?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். "உள்ளங்கால் சொல்லும்ங்க. எனக்கு இப்ப சொல்றதில்ல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தண்ணீர், பூட்ஸ், ஸ்டோர், சாம்பல். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா அவனையே பார்த்தாள், வாய் பாதி திறந்தபடி. கலாவின் அப்பா கேட்டார்:

"இத ஏன்ப்பா மொதல்லயே சொல்லல?"

"எங்க வூட்லயே இப்பத்தாங்க சொல்றேன்."

அவர் எழுந்தார். "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்." இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குக்கூடத் தெரியும்.

தெருவில் இறங்கினோம். அம்மா முன்னால், விறுவிறுவென்று, அழாமல். தெருமுனை வருவதற்குள் பின்னால் ஓடி வரும் சத்தம்.

கலா. கையில் அண்ணனின் இடது கால் செருப்பு. அப்போதுதான் பார்த்தேன், அவன் அந்தக் காலில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான். செருப்பு அவர்கள் வாசலிலேயே கழன்றுவிட்டிருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நடந்த எனக்கும் தெரியவில்லை.

வாசலில் அவங்க அப்பா, "ஏ கலா, உள்ள வா" என்கிறார். தெருவே நின்று பார்க்கிறது. கலா குனிந்து செருப்பை அண்ணன் காலுக்கு நேராக வைத்தார்.

"குனிஞ்சு பாத்துப் போடுங்க. அடுத்த தடவ வார் வச்சதாப் போட்டுக்கிட்டு வாங்க."

அண்ணன் குனிந்து பார்த்துப் போட்டான். அடுத்த தடவை என்றுதான் சொன்னார், என் காதால் கேட்டேன். பஸ் ஏறும் வரை அம்மா என்னிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள், "என்ன சொன்னா? சரியாச் சொல்லு, என்ன சொன்னா?"