பேட்டரி அறைக் கதவில் உன் நம்பர்

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் பைக்குள் உன் போன் அடித்தது. நீயே போய்விட்டாய், உனக்கு வரும் அழைப்பு மட்டும் ஓயவில்லையடி. பொறுக்கிய காய்களை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து எடுத்தேன்.

சுந்தரவனத் தீவிலிருந்து மாலதி. நாம் அமைத்த சூரிய மின் நிலையத்தின் பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்கிறாளே, நம் எல்லாரையும் தீதி, அக்கா என்று கூப்பிடுவாளே, அவள்தான். "தீதி, புயலுக்கப்புறம் கரண்டே இல்ல. பிரசவ அறையிலயும் இருட்டு. என் மருமகளுக்கு இந்த வாரம் நாள்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

எல்லாம் உன்னால் வந்த வினை. அங்கே முதன்முதலாக விளக்கு எரிந்த மாலையில் பெரிய மனிதர்கள் மாலையும் சந்தேஷ் இனிப்பும் வாங்கிக்கொண்டு படகேறினார்கள். நீ மட்டும் பெயிண்ட் டப்பாவோடு போய், பேட்டரி அறைக் கதவில் உன் சொந்த நம்பரைப் பெரிது பெரிதாக எழுதினாய். எந்தத் தீவுக்குப் போனாலும் இதே வேலை.

"பைத்தியமாடி உனக்கு? ஆபீஸ் நம்பர் எதுக்கு இருக்கு?" என்று கத்தினேன்.

"விளக்கு எரியறப்ப எல்லாரும் வருவாங்க. அணைஞ்சா யாரு வருவா, சொல்லு?" என்றாய்.

நான் அந்த ஒருமுறைதான் வந்தேன். நியூ டவுனில் ஏசி அறையில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறவள். படகேறவே பயப்படுகிறவள்.

நீ போனபின் உன் கணவர் இந்த நம்பரை ரத்து செய்யப் பார்த்தார். நான்தான் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அழைப்பு வந்தால் ஆபீஸில் சொல்லிவிடலாம் என்ற எண்ணம். இன்று சொன்னேன். "அந்த ப்ராஜெக்ட்டை ஒப்படைச்சாச்சே, இனி நம்ம பொறுப்பில்ல மேடம்" என்று வைத்துவிட்டார்கள். காளிகாட் வரை நடந்தேன், திரும்பி நடந்தேன், ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. உன் மேல்தான் அத்தனை கோபமும். நம்பரை எழுதிவைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்!

கடைசியில் மாலதியை நானே கூப்பிட்டேன்.

"மாலதி, நான் அவ சிநேகிதி பேசறேன். உங்க தீதி... இப்ப இல்லம்மா."

"தெரியும். சேதி வந்த அன்னிக்கே ஊரே அழுதுச்சு."

"அப்புறம் ஏம்மா இந்த நம்பருக்குக் கூப்பிட்டே?"

"வேற யாரைக் கூப்பிடறது? நீங்களே சொல்லுங்க."

"நாளைக்கு நான் வரேன்" என்று மட்டும் சொன்னேன். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன், ஒரு எலக்ட்ரீஷியனையும் பிடித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு வலி எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. கதவில் நீ எழுதிக்கொடுத்த வாக்கு இனி என் தலையில். பயமாக இருக்கிறதடி, ஆனாலும் போகிறேன்.