மறந்ததாகச் சொன்ன சொல்

ஜூலை 8, செவ்வாய்

இன்று பத்துக்கு ஒன்பது. 'சினெக்டகி' மட்டும் போயிற்று. ஒரு பகுதியைச் சொல்லி முழுவதையும் குறிப்பது. நான் முழிப்பது போனிலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தையல்காரக்கா சொன்னார்: "நாளைக்குள்ள நாப்பது காலர் முடிக்கணும்னு நான் சொன்னா, வெறும் காலரையா தைக்கப் போறேன்? முழுச் சட்டை. அவ்ளோதாம்மா இது." இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

இந்த ஏற்பாடு தொடங்கி நான்கு மாதம். தபால் வழி எம்.ஏ. ஆங்கில இலக்கியம் என்று பணம் கட்டியபோது ஒரு கையேடு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கலைச்சொற்கள். தனியாக உருப்போடாதீர்கள், இருவர் இருவராகக் கேட்டுப் பழகுங்கள் என்று போன் எண்களும் அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தவர் இந்த அக்கா. இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறார். முகம் தெரியாது.

முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். மதியம் ஒன்றேகால் முதல் ஒன்றரை வரை. ஆளுக்குப் பத்துச் சொல். தப்பாகச் சொன்னது மறுநாளும் வரும். ஊர்க்கதை கூடாது.

ஜூலை 10, வியாழன்

பத்துக்குப் பத்து. ஆறே நிமிடத்தில் முடிந்துவிட்டது. "சபாஷ், வெச்சிடறேன்" என்றார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், குணமாகிப் போனவர்கள், குணமாகாமல் போனவர்கள் எல்லோருடைய கோப்புகளோடும் எனக்குப் பதினோரு வருடம். அட்டெண்டர் காலையில் ஒரு முறை சீட்டு கொண்டுவருவார், மாலையில் ஒரு முறை. "இருபத்தேழாம் ரேக்" என்பேன். எடுத்துக்கொண்டு போவார். யோசித்துப் பார்த்தால் நான் ஒரு நாளில் பேசும் முழு வாக்கியங்கள் எல்லாமே அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கின்றன. அதிலும் பாதி ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணிக்கு விருந்தாளிகள். நான் மாடியறையிலிருந்து தண்ணீர் எடுக்க இறங்கியபோது அண்ணன் அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "அவளால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

பாராட்டுத்தான். கையேட்டில் இதற்கு 'லிட்டோடீஸ்' என்று பெயர். நேராகப் புகழாமல், இல்லை என்று சொல்லிப் புகழ்வது. 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு 'மோசமில்லை'. அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே மிக நல்ல வார்த்தை இதுதான். தண்ணீர் எடுக்காமலே மேலே வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அக்கா ஏழாவதாக 'லிட்டோடீஸ்' கேட்டார். எனக்கா தெரியாது? வாயிலிருந்து வந்தது வேறு: "ஒரே ஓசை அடுத்தடுத்து வர்றது அக்கா." அவர் பொறுமையாக விளக்கினார். அவருடைய வாடிக்கையாளர் ஒருத்தி எவ்வளவு நன்றாகத் தைத்துக் கொடுத்தாலும் "பரவால்ல, இறுக்கமா இல்ல" என்று மட்டும்தான் சொல்வாளாம். இருவரும் சிரித்தோம். ஒன்று முப்பத்தைந்து வரை பேசினோம்!

ஆகஸ்ட் 6, புதன்

இப்போதெல்லாம் தினம் ஒன்றிரண்டு 'மறக்கிறேன்'. லிட்டோடீஸ் வாரம் ஒரு முறை கட்டாயம். மற்றவை முறை வைத்து.

அக்காவுக்கு நிஜமாகவே நிற்பதில்லை. நேற்று சரியாகச் சொன்னது இன்று காணோம். "மண்டை இல்லம்மா, சல்லடை" என்கிறார். ஊசியில் நூல் கோர்க்கக் கண் தகராறு செய்கிறதாம். பட்டம் வாங்கிவிட்டால் டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. இந்த ஒன்றுதான் அவர் சொந்தக் கதையாகச் சொன்னது. சொன்ன கையோடு, "சரி சரி, அடுத்த வார்த்தை" என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

"எல்லாம் சரியா வந்துட்டா அப்புறம் எதுக்கு போன்? நீ உன் வேலையப் பாரு, நான் ரெண்டு பட்டனாவது கட்டுவேன்" என்றார் விளையாட்டாக. மளமளவென்று நான்கு சொல்லைத் தப்பாகச் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நுணலும் தன் வாயால் கெடும். கெட்டுவிட்டது.

நான் தப்பாகச் சொல்வதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறார். பரீட்சைக்கு முன் என்னை அந்த இடங்களில் தேற்றிவிட வேண்டுமாம். நேற்று அதைப் புரட்டியிருக்கிறார்.

"லிட்டோடீஸ் பதினாலு வாட்டி தப்பா சொல்லியிருக்க. பதினாலு வாட்டியும் அதே தப்பு. நான் மறந்தா ஒவ்வொரு வாட்டியும் வேற வேற உளறுவேன். உனக்கு அது தெரியும், இல்ல?"

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

"நான் கண்ணு போயிடுமேன்னு மறந்து மறந்து படிக்கிறேன். நீ விளையாட்டுக்கு மறக்கிறியா? நான் விளக்கம் சொல்றப்போ உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

வைத்துவிட்டார்.

அக்டோபர் 15, புதன்

ஒன்றேகால். இல்லை. ஒன்றரை. இல்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

ஐந்து நாளாக எடுக்கவில்லை. 'மன்னிச்சிடுங்க அக்கா' என்று செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். எனக்கு இருந்ததே ஒரே ஒரு ஆள்! அதையும் கெட்டிக்காரத்தனமாகத் துரத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கலையே அக்கா, ஒரு நாள்கூட உள்ளுக்குள்ள சிரிக்கலையே. உங்க குரல் இன்னும் அஞ்சு நிமிஷம் கேக்கணும்னுதானே — அதச் சொல்ல ஏன் வாய் வரல? இருநூத்திப் பன்னெண்டு வார்த்தை தெரியுதே, இது தெரியலையே.

அக்டோபர் 29, புதன்

மதியம் கோப்புகளை எண் வரிசைப்படி மாற்றி அடுக்கினேன். ஏற்கெனவே எண் வரிசையில்தான் இருந்தன.

நவம்பர் 8, சனி

பரீட்சை. இரண்டாம் கேள்வியே லிட்டோடீஸ், எடுத்துக்காட்டுடன் விளக்குக. கையேட்டு உதாரணம் வேண்டாம் என்று அண்ணனின் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே விளக்கம்: பேசுபவர் புகழ நினைத்தார், கேட்டவளுக்குத் தான் அந்த வீட்டில் எப்படி இருக்கிறோம் என்பது புரிந்தது. திருத்துகிறவர் என்ன நினைப்பாரோ.

மூன்று மணி நேரம் முடிந்து வெளியே வந்ததும் கை தானாகப் போனை எடுத்தது. அவரும் அவர் ஊர் மையத்தில் இப்போதுதான் எழுதி முடித்திருப்பார். திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 22, வியாழன்

முதல் வகுப்பு. அண்ணன் "பரவால்லையே!" என்றான். அண்ணி இனிப்பு வாங்கிவரச் சொன்னாள். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் தின்று தீர்த்தன.

அக்காவின் பதிவெண் எனக்கு மனப்பாடம். அதையும் போட்டுப் பார்த்தேன். தோல்வி என்றுகூட இல்லை. 'தேர்வுக்கு வரவில்லை'.

எனக்கு வந்த முதல் வகுப்பை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் போடலாம் போலிருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

அக்காவின் ஊருக்குப் போனேன். இரண்டு மணி நேரமும் பஸ்ஸில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. முன்னுரை, காரணம், முடிவுரை.

சீருடை தைக்கிற அக்கா என்று பஸ் நிலையத்தில் கேட்டதும் வழி சொன்னார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. நீலப் பாவாடைகள் கட்டுக்கட்டாக. கழுத்தில் டேப், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம். வாசலில் நின்று "அக்கா" என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே யாரென்று தெரிந்துவிட்டது அவருக்கு. தலை நிமிரவில்லை.

"எதுக்கு வந்த?"

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. "எனக்குப் பேச ஆள் இல்லக்கா" என்றேன். "எல்லாம் சரியா சொல்லிட்டா நீங்க வெச்சிடுவீங்க. அதான்." வாசலிலேயே நின்று அழுதேன். முப்பத்தொன்பது வயதில், பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு சிறுமி வேடிக்கை பார்க்க.

அக்கா அந்தச் சிறுமியின் இடுப்பை அளந்து, எழுதிக்கொண்டு, அனுப்பினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அதச் சொல்லியிருந்தா பேசியிருப்பேனே. அதுக்கு எதுக்கும்மா ஒரு இங்கிலீஷ் வார்த்தைய மறக்கணும்?"

உட்காரச் சொன்னார். பரீட்சைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "பயந்துட்டேன். நீ கேட்டாத்தான் எனக்கு வரும். தனியா உக்காந்தா ஒண்ணும் நிக்கல." கோபத்தில் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். பாதி என் கை மண் என்றேன். மறுக்கவில்லை.

மே மாதம் மறுபடி எழுதுகிறார்; நாளையிலிருந்து பழையபடி ஒன்றேகாலுக்குப் போன். கிளம்பும்வரை நான் ஊசிகளில் நூல் கோர்த்துக் கொடுத்தேன். பதினெட்டு ஊசி.

பிப்ரவரி 11, புதன்

ஒன்றேகாலுக்குப் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். "ஆர்டர் தலைக்கு மேல கெடக்கும்மா, இன்னிக்குப் படிப்பு வேணாம்" என்றார்.

"படிப்புக்கு இல்லக்கா. சும்மா கூப்பிட்டேன்."

"சும்மாவா? அப்ப சரி, சொல்லு" என்றார். அவர் தைத்துக்கொண்டே பேச, இரண்டு மணி வரை பேசினோம்.