நின்றுகொண்டு சாப்பிடுவது பற்றி ஒரு திருத்தம்

அன்பு மகன் வாண்டுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். முழங்காலும் மாடிப்படியும் ஒருவழியாகச் சமாதானத்துக்கு வந்துவிட்டன, லிஃப்ட்தான் இன்னும் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. அங்கே நீயும் மருமகளும், முன்பல் விழுந்த என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். முந்தாநாள்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம், அதுவும் விரைவுத் தபாலில் என்று பதறாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் உனக்கு ஒரு தவறான தகவல் கொடுத்துவிட்டேன். நீ லீவு விஷயத்தை அலுவலகத்தில் முடிவு செய்வதற்குள் அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், பொறுமையாகப் படி.

நான் நூலகத்து மாடியில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். பத்திரிகையில் இருந்தபோது இங்கிலீஷ் அறிக்கைகளைப் படித்துச் செய்தி எழுதியவள்தான், பேச்சு என்று வந்தால் நாக்கு சண்டித்தனம் செய்கிறது. மருமகள் போனை எடுத்தால் நான் குட், குட் என்பேன், அவளும் குட், குட் என்பாள், பிறகு இரண்டு பேரும் நீ குளித்துவிட்டு வருவதற்காகக் காத்திருப்போம். அவளோடு நேராக நாலு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். குழந்தைகள் பகுதியில்தான் வகுப்பு. நாற்காலிகள் முழங்கால் உயரம்கூட இல்லை, உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கப் பக்கத்தில் இருப்பவர் கைகொடுக்க வேண்டும். எனக்குக் கைகொடுப்பவர் நம் தெருமுனை சலூன்காரர். அவருடைய மகளும் வெளிநாட்டில்தான் இருக்கிறாள்.

போன வகுப்பில் யூஸ்ட் டு என்ற பாடம். நம் ஆட்கள் எல்லாரும் குழம்புகிற இடம் என்றாள் டீச்சர். ஐ யூஸ்ட் டு குக் என்றால் முன்பெல்லாம் சமைப்பேன், இப்போது இல்லை. நடுவில் ஒரு ஆம் போட்டு, பின்னால் குக்கிங் என்று முடித்து, ஐ ஆம் யூஸ்ட் டு குக்கிங் என்றால் சமைத்துச் சமைத்துப் பழகிவிட்டது என்று அர்த்தம். ‘ஒண்ணு நம்மள விட்டுப் போனது, இன்னொண்ணு நம்ம மேல ஒட்டிக்கிட்டது, அவ்வளவுதாங்க வித்தியாசம்’ என்றாள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது, ஆனாலும் சலூன்காரர் எழுந்து ஐ ஆம் யூஸ்ட் டு கட் ஹேர் என்றார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முடி வெட்ட என்னைப் பயன்படுத்துகிறார்கள் என்றல்லவா ஆகிவிட்டது, ‘அப்போ நீங்க கத்தரிக்கோலா அண்ணே’ என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் அசராமல், ‘எங்க வீட்டம்மாவும் அதைத்தான் சொல்றா டீச்சர், பொழுது விடிஞ்சா கடை, பொழுது சாஞ்சா ஆணியில தொங்குறீங்கன்னு’ என்றார். வகுப்பே சிரித்தது. அப்படிச் சிரித்து எனக்கு நாளாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன், உள்ளே போய் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. டீ போடுகிற கேத்தலிடம் சொன்னேன்.

வீட்டுப்பாடம், இரண்டு விதமாகவும் வாக்கியங்கள் அமைத்து, போனில் பேசிப் பதிவு செய்து, வகுப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ‘எதையாவது அடிச்சு விடுங்கம்மா, நிஜமா இருக்கணும்னு இல்ல’ என்றாள் டீச்சர். என்னால் அது முடியவில்லை. ஒரு வரி எழுதினாலும் கண்ணால் பார்த்ததை எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதனால் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன், பார்த்ததை இங்கிலீஷில் சொன்னேன். முன்பெல்லாம் மூன்று பேருக்குச் சமைப்பேன். அடுப்பு மேடை அருகே நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டேன். முன்பெல்லாம் போன் அடித்தால் ஓடுவேன். அது அடிக்காமல் இருப்பதற்குப் பழகிவிட்டேன். முன்பெல்லாம் டிவியை அணைத்துவிட்டுப் படுப்பேன். அது பேசிக்கொண்டிருக்கத் தூங்கப் பழகிவிட்டேன். ஆம் எங்கே வேண்டுமோ அங்கே போட்டேன், இங் எங்கே வேண்டுமோ அங்கே வைத்தேன், ஒரு பிழை இல்லை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் அனுப்பினேன், அதுதான் வினை. பேத்தியின் ஓட்டைப்பல் படத்தை மருமகள் அன்றுதான் அனுப்பியிருந்தாள், அவள் பெயர் மேலே இருந்திருக்கிறது. குழுவுக்குப் போக வேண்டியது அவளுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வருகிற போன், நடுவாரத்தில் அடித்தது. ‘அம்மா, அவ அழுதுக்கிட்டே போனை என் கையில குடுக்குறா. என்னம்மா இது, பாடமா, நிஜமா’ என்று கேட்டாய். நான் சிரித்தேன். ‘பாடம்டா பைத்தியம், உன் பொண்டாட்டிக்குப் போயிடுச்சு’ என்றேன். நீ மூச்சு விட்டது எனக்கு இங்கே கேட்டது. அப்புறம் புது மேலதிகாரியின் கெடுபிடியைப் பற்றிப் பேசினாய், ஹீட்டர் பழுதானதைப் பேசினாய், கடைசியில் மெதுவாக, ‘நீ நல்லாத்தான இருக்க, அப்போ லீவுக்கு இந்த வருஷம் வரலேன்னா பரவாயில்லையாம்மா, அடுத்த வருஷம் சேத்து வந்துரலாம்’ என்று கேட்டாய். தாராளமா என்றேன். வேலைதான் முக்கியம் என்றும் சேர்த்துச் சொன்னேன், யாரோ என்னிடம் அதைக் கேட்டது போல.

வாண்டு, எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. தவறான செய்தி எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்தான் திருத்தம் போட வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் அது திருத்தமில்லை, ஒளித்துவைப்பது என்பார் எங்கள் ஆசிரியர். அந்தக் கணக்கில் இதையும் போனில்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை போனை எடுத்தும் பார்த்தேன். ஆனால் உன் குரல் கேட்டதும் நான் யோசிப்பதற்கு முன்னால் என் வாய் நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிடுகிறது. அதுவும் ஒட்டிக்கொண்டதுதான். எழுதும்போதுதான் என் வாய் குறுக்கே வருவதில்லை. எனவே திருத்தம்: அந்த வாக்கியங்கள் பாடம்தான், ஆனால் எல்லாமே நிஜம். இந்த வருஷம் நீங்கள் வராவிட்டால் பரவாயில்லை என்று நான் சொன்னது நிஜமில்லை. எனக்கு அது பெரிய குறைதான். நீங்கள் வர வேண்டும்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை, மேலதிகாரியிடம் கெஞ்சச் சொல்லவும் இல்லை. பத்து நாள் முடியாவிட்டால் நாலு நாள் வா. நீ நிச்சயம் வர முடியாது என்றால் அவர்கள் இருவரையுமாவது அனுப்பு, நான் ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்துக்கொள்கிறேன், குட் குட் என்பதைத் தாண்டி இப்போது எனக்கு நிறையத் தெரியும். முடியவே முடியாது என்றாலும் நான் இப்படி இருப்பதைத் தெரிந்துகொண்டு சொல், அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு சொல்லாதே.

இன்னொரு செய்தி. நேற்று மருமகள் எனக்கு ஒரு பதிவு அனுப்பினாள், உன்னிடம் சொன்னாளோ என்னவோ. திறந்தால் தமிழ்! எங்கே, யாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாளோ, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ‘அத்தை, உட்கார், சாப்பிடு’ என்கிறாள். நீங்க, வாங்க எதுவும் கிடையாது, மாமியாரை வீட்டுக்குழந்தையை அதட்டுவது போல அதட்டுகிறாள். உன் அப்பா போன பிறகு, உட்கார்ந்து சாப்பிடு என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. அதை மறுபடி மறுபடி கேட்டேன். பிறகு சாப்பாட்டு மேஜைக்குப் போய், நாற்காலி மேல் அடுக்கியிருந்த பழைய பேப்பர்க் கட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, தட்டை மேஜையில் வைத்து உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு ஆறியிருந்தது, ஆனாலும் முழுதாகச் சாப்பிட்டேன். அவள் தமிழைத் திருத்திவிடாதே, அப்படியே இருக்கட்டும்.

வெந்நீர் குடி. முன்வழுக்கைக்குக் கண்டதையும் தடவாதே, உன் அப்பாவுக்கே அது பலிக்கவில்லை. விழுந்த பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல், நான் பார்க்க வேண்டும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டு, நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காமல் மாதக் கடைசிக்குள் லீவு எழுதிக் கொடு. மேஜையைச் சுற்றி இன்னும் மூன்று நாற்காலிகளில் பேப்பர் அடுக்கியிருக்கிறேன். தேதியைச் சொன்னால் எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உட்கார்ந்து எழுதும்
உன் அம்மா