ஆடி கழியட்டும் என்று நின்ற வண்டி

ஜூலை 3, வியாழன்

விடியற்காலை ஐந்தரைக்கே புழுக்கம். வேலூர் ஆஸ்பத்திரி நாள். சின்ன காரின் பின் சீட்டில் மூன்று தலையணை, ஒரு போர்வை, அதன்மேல் என் பெண்டாட்டி கமலா. போன வருஷம் பள்ளிப்பட்டு பஸ்ஸில் கடைசி சீட்டில் தூக்கிப் போட்டதில் முதுகெலும்பு பிசகி, ஆபரேஷன் ஆகி, இப்போது வாராவாரம் வியாழன் வேலூர்.

சோளிங்கர் ரோட்டில் வேகத்தடை கண்ணில் படும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறாள். முதல் கியரில் ஊர்ந்தாலும் "அம்மா". பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டேன். அவனும் கேட்டான்.

திரும்பும்போது சொன்னாள்: "இன்னாங்க, அடுத்த வாரத்துலேந்து நான் வர்ல. வலி இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

சிகிச்சையை நிறுத்தினால் இடது கால் மரத்துப் போய்விடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவளிடம் நான் சொல்லவில்லை.

குலுங்காத வண்டி வேண்டும். வேறு வழி இல்லை.

ஜூலை 5, சனி

மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. சிலிண்டர் பதிவு செய்தேன்.

திருவள்ளூர் தாண்டி, பழைய பெரிய வண்டிகள் விற்கிற இடத்துக்குப் போனோம். இரண்டு வண்டி பார்த்தது.

ஜப்பான்: ஒன்பது வருஷம். இன்ஜின் சாகாது. எங்கே நின்றாலும் எந்த மெக்கானிக்கும் கை வைப்பான். வாரண்டி கிடையாது.

ஜெர்மன்: ஏழு வருஷம். ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்குச் சக்கரம் காற்றடைத்த ரப்பர் பை. கெட்டால் சென்னைதான். வாரண்டி உண்டு, என்ன வாரண்டி என்று பார்க்க வேண்டும்.

க.வை இரண்டிலும் உட்காரவைத்து ஓட்டினேன். ஜப்பான் வண்டியில் கேட் தாண்டுவதற்குள் கையை ஆட்டிவிட்டாள், போதும் என்று. ஜெர்மன் வண்டியை வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "இன்னா, இன்னும் கெளம்பலியா?" என்றாள்.

கனகம்மாசத்திரம் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்ற பணம் பேங்கில் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன்?

ஜூலை 8, செவ்வாய்

அனல். பதிவு அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. காலை முழுக்க ஜனம் மரத்தடியில். நான் எழுதிய நாலு பத்திரமும் அப்படியே கிடந்தன.

பக்கத்து மேஜை லோகநாதன், அவனும் என்னைப் போல் பத்திர எழுத்தர்தான், எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்: "இன்னா சார், பெரிய வண்டி பாத்துகினு கீறியாமே? பத்திரம் எழுதி அவ்ளோ வருதுன்னா நான் இன்னாத்த எழுதிகினு கீறேன்?" சிரிப்பு. டீக்கடைக்காரன் வரைக்கும் சிரித்தான். பெண்டாட்டி முதுகெலும்பைப் பற்றி இவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பவிசுக்காரன் என்றே இருக்கட்டும். அவர்கள் இரக்கப்படுவதற்கு இதுவே மேல்.

சாயங்காலம் அரக்கோணம் ரோட்டு ஷெட்டில் மெக்கானிக் கன்னியப்பன். இருபது வருஷப் பழக்கம், பொய் சொல்லத் தெரியாதவன். "சார், ஜப்பான் வண்டின்னா கண்ண மூடிகினு எடுங்க. அது கெடாது. ஜெர்மன் வண்டி சொகம்தான், இல்லங்கல. ஆனா அந்த ரப்பர் பை எப்ப போவும்னு செஞ்சவனுக்கே தெரியாதுங்க. அதுக்கு வாரண்டி எழுத்துல குடுத்தா எடுங்க. வாய்ல சொன்னா கும்புடு போட்டுட்டு வந்துருங்க."

கெடாத வண்டியில் அவள் உட்கார முடியாது. உட்கார முடிகிற வண்டி கெடும். நல்ல தேர்வு கொடுத்தார் கடவுள்.

ஜூலை 12, சனி

கன்னியப்பனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும். அவன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம். "இப்பத்திக்கு நல்லாத்தான் கீது." அந்த 'இப்பத்திக்கு' எனக்குப் போதவில்லை.

நான் பேப்பரைப் பார்த்தேன். என் தொழில் அது.

தயாரித்த கம்பெனியின் வாரண்டி முடிந்து நாளாயிற்று. நீட்டிக்கவும் முடியாது, நடுவில் ஒரு வருஷம் சர்வீஸ் ரெக்கார்டு இல்லை. விற்கிற இடத்தின் சொந்த வாரண்டி முப்பது நாள் அல்லது ஆயிரம் கிலோமீட்டர். இன்ஜினும் கியர் பாக்ஸும் மட்டும்தான். ரப்பர் பை 'தேய்மானப் பொருளாம்', சேராதாம். வெள்ளம், விபத்து, எலி கடித்தது, எதுவும் சேராது. முப்பது நாள் முடிவதற்குள் தனியாகப் பணம் கட்டினால் ஒரு வருஷத்துக்கு நீட்டித்துத் தருவார்கள். அது பரவாயில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

மேனேஜரிடம் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் அவரே பேனாவை எடுத்து, "ஏர் சஸ்பென்ஷனும் இதில் சேரும், நீட்டிப்பிலும் சேரும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். "உங்களுக்கு வண்டி விக்கறதுக்கு பதிலா ஒரு வக்கீலுக்கு வித்துடலாம் சார்" என்றார்.

வரும் வழியில் கன்னியப்பனுக்குப் பிரியாணி. மனம் நிறைந்திருந்தது. முப்பது வருஷம் ஊருக்குப் பத்திரம் எழுதிய எழுத்து ஒரு நாளாவது எனக்கு உதவியது.

ஜூலை 14, திங்கள்

நல்ல நாள் என்று க. காலண்டர் பார்த்துச் சொல்லிவிட்டாள். முழுப் பணமும் கட்டியாயிற்று.

சர்வீஸ், பாலிஷ், பேர் மாற்றம் எல்லாம் முடிய ஒரு வாரமாம். 17 அன்று ஆடி பிறக்கிறது. பணம் கட்டும் முன் அங்கிருந்தே போனில் க.விடம் சொன்னேன். "ஆடில யாராச்சும் வூட்டுக்கு வண்டி எடுத்தாருவாங்களா? இவ்ளோ பட்டது போதாதா நமக்கு?" அவள் தம்பி முரளி பள்ளிப்பட்டிலிருந்து வந்து வீட்டில்தான் இருந்தான். போனை வாங்கினான். "பாவா, இத்தினி நாள் பொறுத்தீங்க, ஒரு மாசம். ஆவணில எடுத்துகினு நேரா மலைக் கோயிலுக்கு ஏத்தி பூஜை போட்டுக்கலாம்."

சரி என்றேன். அவள் நம்பிக்கைக்காக மட்டும் என்று இங்கே எழுதினால் பொய். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆடியில் எடுத்து ஏதாவது ஆனால் சாகிற வரைக்கும் அதைக் கேட்க வேண்டும்.

மேனேஜர் சொன்னார்: "ஆவணியிலதான் எடுக்கறீங்கன்னா இப்ப அட்வான்ஸ் மட்டும் குடுங்க சார். பில்லை டெலிவரி அன்னிக்குப் போட்டுக்கலாம்."

என்னிடமா? அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் கூடக் கொடுக்கிறவனுக்குத் தள்ளிவிடத்தானே? எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். "பணம் இன்னிக்கு, பேப்பரும் இன்னிக்கு" என்றேன். உங்க இஷ்டம் என்று பில் போட்டார்.

ஜூலை 24, வியாழன்

ஆடிக் காற்று. தெரு முழுக்க மண். பழைய கார், பழைய தலையணை, வேலூர். ராணிப்பேட்டையில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். இறங்க முடியவில்லை. கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் நின்றோம். "இன்னும் மூணு வியாழந்தான்" என்றாள், எனக்குத் தைரியம் சொல்வதுபோல்.

மூக்குக்கண்ணாடிக் காம்பு உடைந்தது.

ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கிருத்திகை. ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் துணி, காவடி, பம்பை, ஒலிபெருக்கி. வீட்டு வாசலில் ஆந்திரக் குடும்பம் ஒன்று சமைத்துச் சாப்பிட்டு இலையையும் அங்கேயே விட்டுப் போனது.

வண்டி எப்படி இருக்கிறது என்று மேனேஜருக்குப் போன். "நிறுத்தின எடத்துலயே பத்திரமா இருக்கு சார். கவர் போட்டுத்தான் வச்சிருக்கோம்."

புதனுக்கு வாங்க: மாலை, பூசணி, எலுமிச்சை 4, கற்பூரம், சந்தனம். எழுதிக் கொடுத்தது க. ஆறு மாதத்தில் முதல்முறையாக அவள் கையெழுத்தைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தூறல். முரளியும் நானும் போய் வண்டி எடுத்து வந்தோம். க. முன் சீட்டில். நேராக மலை. வளைவுகளில் வண்டி அசங்கவே இல்லை. மேலே பூஜை, சக்கரத்தடியில் எலுமிச்சை. க. இறங்காமல் உள்ளிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கீழே வரும்போது லோகநாதன் எதிரில். நின்று பார்த்தான். நான் ஹாரன் அடித்தேன். அடித்திருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வேலூர். சோளிங்கர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. எத்தனை வேகத்தடை ஏறி இறங்கியது, எழுந்திருக்கவில்லை. "வாலாஜா வந்துட்ச்சா?" என்று கேட்டபோது வேலூருக்குள் இருந்தோம்.

சந்தோஷமாக இருந்தது. மறந்துவிடுவேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் கோலம் போட வந்த எதிர்வீட்டுப் பெண்தான் கூப்பிட்டாள். "சார், உங்க வண்டி உக்காந்துட்ச்சு." இடது பின்பக்கம் தரையோடு. சக்கரம் பாதி உள்ளே போய்விட்டது.

கன்னியப்பன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "ரப்பர் வெடிச்சுப் போச்சுங்க. ஒரு மாசம் வெயில்ல ஒரே எடத்துல காத்து எறங்கி நின்னா இப்படித்தான். ஓடிகினு இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சிருக்கும். மத்த மூணும் இதே வயசு சார், பாத்துக்கங்க."

நான் பதறவில்லை. வாரண்டி இருக்கிறது, மேனேஜர் கையெழுத்தே இருக்கிறது. க.விடம் சொன்னேன்: "வியாழனுக்குள்ள ரெடி ஆயிடும். வர்ற வாரமே ஒரு வருஷத்துக்கு நீட்டிச்சும் வச்சிடறேன்."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போன். மேனேஜர் வண்டி நம்பரைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், உங்க வாரண்டி ஆகஸ்ட் பன்னெண்டோட முடிஞ்சுபோச்சே."

கத்தினேன். வண்டியே 20ஆம் தேதிதானே கைக்கு வந்தது, கைக்கு வராத வண்டிக்கு என்னய்யா வாரண்டி என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "பில் தேதியிலேந்துன்னு பேப்பர்லயே இருக்கு சார். நான்தான் பில்லை அப்புறம் போட்டுக்கலாம்னு சொன்னேனே." நீட்டிப்பும் கிடையாது. முடிந்ததை நீட்டிக்க முடியாதாம்.

பேப்பரை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரி. எலி கடிப்பது வரைக்கும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். அந்த வரியில் கோடு இல்லை.

ஆபீசில் தினம் நான் சொல்வது என்ன? "சாவி எப்ப வாங்கினாலும், நிலத்துல எப்ப கால் வச்சாலும், பத்திரத்துல போட்ட தேதிதான்யா செல்லும்." காது கேட்காத கிழவர்களுக்குக்கூடக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். என் பெண்டாட்டி விஷயத்தில் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கிப் போட்டது நான். அந்த ஆள் ஏமாற்றவில்லை. ஏமாற்றுவான் என்று நினைத்த புத்திதான் ஏமாற்றியது. முப்பது நாளையும் கவருக்கு அடியில் ஆடி தின்றுவிட்டது. அவள் அதில் ஏறி உட்காருவதற்கு எட்டு நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது.

நாலு பையும் மாற்ற ஆகும் தொகையை இங்கே எழுதப் போவதில்லை. நிலம் விற்ற பணத்தில் மிச்சமிருப்பது அதற்குப் பற்றாது.

க. கேட்டாள், இன்னா சொன்னாங்க என்று. பார்ட்ஸ் ஜெர்மனியிலிருந்து வர வேண்டுமாம், நாளாகும் என்றேன். முப்பது வருஷமாக நான் எழுதியதில் இவ்வளவு சுலபமான பொய் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

வெயில் இல்லை, மந்தாரம். வரமாட்டேன் என்றாள். காலைப் பற்றி டாக்டர் சொன்னதை இன்று சொல்லிவிட்டேன். பிறகு தலையணையை எடுக்கச் சொன்னாள். பெரிய வண்டி வாசலில் சாய்ந்து கிடக்க, அதைச் சுற்றிக்கொண்டுதான் சின்ன காரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

சோளிங்கர் தாண்டுவதற்குள் இரண்டு முறை அழுதாள். சத்தமில்லாமல். கண்ணாடியில் தெரிந்தது.

முரளி போன் செய்தான். படுத்தபடியே பேசினாள். "ஆமாண்டா, பழைய கார்லதான். இன்னா பண்றது, நம்ம நேரம்." அவன் ஏதோ சொன்னான். "அத்த சொல்லு. நல்லவேள ஆடில எடுக்கல. எடுத்திருந்தா இன்னும் இன்னா ஆயிருக்குமோ." பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இல்லீங்களா?"

"ஆங்" என்றேன்.